ரிவ்யூ போர்டில் ஆட்சேபணையைப் பதிய வைப்பது எப்படி?

கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று வருகிறவர்கள், "போர்டில் எல்லாத்தையும் சொன்னோம்" என்பார்கள். போர்டு என்றால் மனநல மறுஆய்வு வாரியம்; இப்படிச் சேர்த்தது சரியா என்று விசாரிப்பது அதுதான். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. மேல்முறையீடு எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டுக்குப் போகும்போது அங்கே பார்ப்பது ஃபைலைத்தான். வாயால் சொன்னது அதில் இருக்காது.

முதல் வேலை, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளின் நகல் கேட்டு மனுக் கொடுப்பது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கையில் வந்ததும் அட்மிஷன் தாள்களை நிதானமாகப் பாருங்கள். 89ஆம் பிரிவுப்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். பரிசோதனை சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். இரண்டு அறிக்கையிலும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து என்றால் அதை விடக்கூடாது. போர்டுக்குத் தகவல் ஏழு நாளில் போக வேண்டும்; பெண்கள், சிறார் என்றால் மூன்றே நாள். முப்பது நாளுக்கு மேல் வைத்திருந்தால் 90ஆம் பிரிவு, அதற்குப் போர்டின் அனுமதி வேண்டும்.

ஆட்சேபணையைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "அநியாயமாக அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்பதால் பிரயோஜனம் இல்லை. "என் அண்ணனை ஒரு டாக்டர் மட்டுமே பார்த்தார். 89ஆம் பிரிவு கேட்கும் இரண்டாவது பரிசோதனை நடக்கவில்லை. ஆகவே இந்த அட்மிஷனை ஆட்சேபிக்கிறேன்." இப்படிப் பிரிவு, நடந்தது, தேதி மூன்றும் இருக்கட்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், மலையாளத் தாள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலேயே "எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, இதைத் தமிழில் யாரும் விளக்கவில்லை" என்று தமிழிலேயே எழுதுங்கள். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

உள்ளே இருப்பவர் தாமே நாலு வரி எழுதினால் மிக நல்லது. அடைபட்டிருப்பவர் அவர்தானே, அவர் சொல்வது ஃபைலில் இருந்தே ஆக வேண்டும். போர்டு மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விசேஷச் சூழ்நிலையில் அட்மிஷனில் இருப்பவர் வாய்மொழியாகவோ போனிலோ கூட மனுச் செய்யலாம்.

விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு காட்டும் தாள்களின் நகலை அப்போதே கேளுங்கள். "நோட் பண்ணிட்டோம், போங்க" என்றால் அதோடு கிளம்ப வேண்டாம், சொன்னதை எழுதி அன்றைக்கே ஒரு மெமோவாகக் கொடுங்கள். உத்தரவு வந்ததும் உங்கள் ஆட்சேபணை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சூட்டோடு சூடாக அதே போர்டில் திருத்தம் கேளுங்கள். நடந்ததைத் தப்பாகப் பதிந்திருந்தால் நினைவு மாறுவதற்குள் அதே நீதிபதிகளிடம் சொல்ல வேண்டும் என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போர்டுக்கும் அதே வழிதான் நல்லது.

அப்புறம், அப்பீலுக்கு முப்பது நாள்தான். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஹைகோர்ட் ஏற்கலாம்; அதனால் உத்தரவு வந்த தபால் கவரை முத்திரையோடு பத்திரமாக வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழையுங்கள்.