என்.டி.ஐ.எஸ். பிளான் கைக்கு வந்துவிட்டது, அடுத்து என்ன?

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டமான என்.டி.ஐ.எஸ்.ஸில் பிளான், அதாவது எந்த உதவிக்கு எவ்வளவு பணம் என்ற ஒதுக்கீடு, கிடைத்த தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இவ்வளவு டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு இன்னும் ஒருவர்கூட வரவில்லையே?" ஒதுக்கியவர்கள் ஆளை அனுப்ப மாட்டார்கள். ஆளைத் தேடுவது, நேரம் குறிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நம் பக்கத்து வேலை. சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பியின் பிளானைச் சிட்னியில் அவனோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். விண்ணப்பம், தகுதி, மருத்துவச் சான்று பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பிளான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. பிளானில் மூன்று இடங்களைப் பாருங்கள்

முதலில், பணத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று பாருங்கள். திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான என்.டி.ஐ.ஏ.வே நிர்வகித்தால் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே சேவை பெறலாம். பில்களைச் செலுத்திக் கணக்குப் பார்க்கும் பிளான் மேனேஜர் இருந்தால் பதிவு பெறாதவர்களையும் அமர்த்தலாம், ஆனால் அரசு விதித்த விலை வரம்பைத் தாண்டக் கூடாது. நீங்களே நிர்வகித்தால் சுதந்திரம் அதிகம். பில்களை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்தும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் பிளான் மேனேஜரை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கான கட்டணம் பிளானில் தனியாக ஒதுக்கப்படுகிறது, மற்றச் சேவைகளுக்கான பணத்தில் கைவைப்பதில்லை.

இரண்டாவது, எந்தப் பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது. அன்றாட உதவிக்கான 'கோர்' பணத்தைப் பெரும்பாலும் அதன் பிரிவுகளுக்குள் மாற்றிப் பயன்படுத்தலாம். திறன் வளர்ப்புக்கான பணத்தை அப்படிப் பிரிவு விட்டுப் பிரிவு மாற்ற முடியாது. தெரபிக்கு ஒதுக்கியது தெரபிக்குத்தான்.

மூன்றாவது, காலப்பகுதி. 2025 மே மாதத்திலிருந்து வரும் புதிய பிளான்களில் பணம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாகத் திறக்கப்படுகிறது. ஒரு தவணையில் மிஞ்சியது அதே பிளானின் அடுத்த தவணைக்குப் போகும், புதிய பிளானுக்குப் போகாது. ஆண்டுக்கான தொகையைப் பார்த்து முதல் மாதமே ஆட்களை அமர்த்திவிட்டால் மூன்றாம் மாதத்தில் கை வறண்டுவிடும்.

2. சப்போர்ட் கோஆர்டினேட்டரைத் தேர்ந்தெடுங்கள்

பிளானில் உள்ள சேவைகளைத் தேடி ஒருங்கிணைக்க உதவுபவர் இவர். எல்லாப் பிளானிலும் இவருக்குப் பணம் இருக்காது. இல்லையென்றால் உங்கள் பகுதியில் இந்தத் திட்டத்துக்கு வழிகாட்டும் எல்.ஏ.சி. அலுவலகத்தைக் கேளுங்கள், அங்கே கட்டணம் இல்லை. ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் குழந்தைகளுக்கான தனிப்பிரிவு இருக்கிறது.

பணம் இருந்தால், கோஆர்டினேட்டராக வருபவரின் நிறுவனமே உதவியாளர்களையும் அனுப்புகிறதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன். சேவை சரியில்லை என்று புகார் சொல்ல வேண்டிய நாளில், அவர் தன் முதலாளியிடமே புகார் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தில் அவரை எதற்காக நிறுத்த வேண்டும்?

வழக்கமான, இரண்டாம் நிலை என்று அழைக்கப்படும் கோஆர்டினேட்டருக்கு 2025-26 விலை வரம்பில் மணிக்கு 100.14 டாலர் வரை ஆகும். தொலைபேசி அழைப்பும் மின்னஞ்சலும் அந்த மணிக் கணக்கில் சேரும். ஆண்டுக்கு 24 மணி நேரம் என்றால் மாதத்துக்கு இரண்டே மணி நேரம். கேள்வி எழும்போதெல்லாம் தனித்தனியாக அழைக்காமல், வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எண்ணிட்டு அனுப்புங்கள். அவருக்கும் பதில் சொல்ல வசதி.

3. டாலரை மணியாக்கி, மணியை வருகையாக்குங்கள்

இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள். பல குடும்பங்கள் இடறுவது இங்கேதான். என்னையும் அதிகம் திணறடித்தது இந்தக் கணக்குதான்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு 7,759.60 டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 193.99 டாலர் என்ற 2025-26 விலை வரம்பில் வகுத்தால் 40 மணி நேரம் வருகிறது. ஆண்டுக்கு நாற்பது வாரம், வாரம் ஒரு முறை என்றுதான் எல்லாரும் மகிழ்கிறோம்.

தெரபிஸ்ட் வந்து போன பிறகுதான் உண்மையான இன்வாய்ஸ் வரும். ஒரு நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய முதல் இன்வாய்ஸில் ஒரே வருகைக்கு மூன்று வரிகள் இருந்தன. தெரபி ஒரு மணி நேரம், பயணம் இருபது நிமிடம், குறிப்பு எழுத கால் மணி நேரம். மூன்றுமே விதிப்படி வாங்கக்கூடியவைதான், நாம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தெரபிக்கு 193.99. 2025 ஜூலையிலிருந்து தெரபிஸ்டின் பயண நேரத்துக்குப் பாதி விலைதான் என்பதால் இருபது நிமிடத்துக்கு 32.33. குறிப்புக்கு 48.50. ஆக ஒரு வருகைக்கு 274.82 டாலர். ஆண்டு முடிவில் அறிக்கை எழுத நான்கு மணி நேரம் கேட்பார்கள், அதற்கு 775.96 டாலரை எடுத்து வையுங்கள். மீதியை வகுத்தால் கிடைப்பது 25 வருகைகள்.

நாற்பது இருபத்தைந்தாகிவிட்டது. அதையும் தவணையில் பொருத்துங்கள். மூன்று மாதத்துக்கு 1,939.90 டாலர், அதாவது ஏழு வருகைகள். கடைசித் தவணையில் அறிக்கையின் செலவும் விழுவதால் நான்குதான். வாரம் ஒரு முறை என்று தொடங்கினால் இரண்டு மாதம் தாண்டுவதற்குள் அந்தத் தவணை தீர்ந்து, குழந்தைக்கு அந்த முகம் பழகிய நேரத்தில் தெரபி நின்றுபோகும். இரு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கினால் ஆண்டு முழுவதும் ஓடும்.

உதவியாளர் கணக்கில் இன்னொன்றைச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தின் விலை, வார நாள் பகலின் இரண்டு மணி நேரத்தை நெருங்குகிறது. பொது விடுமுறை என்றால் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. என் தம்பிக்கு ஞாயிறு கிரிக்கெட் முக்கியம். அதை விடாமல் இருக்க, புதன்கிழமையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டான். அது அவன் எடுத்த முடிவு. இந்தத் தேர்வுகளைக் குடும்பம் எடுத்துக் கையில் கொடுக்காமல், கணக்கை அவர்கள் முன் வைத்துக் கேளுங்கள். தீபாவளியும் பொங்கலும் இங்கே பொது விடுமுறை இல்லை. வார நாளில் வந்தால் வழக்கமான விலைக்கே கூடுதல் நேரம் ஆள் கிடைக்கும், அன்று வீட்டில் அம்மாவுக்கும் சற்று மூச்சு விட முடியும்.

4. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

சேவை ஒப்பந்தத்தில் பயண நேரம், நேரில் வராமல் செய்யும் வேலை, ரத்துக் கட்டணம் ஆகிய மூன்று வரிகளைத் தேடுங்கள். உதவியாளரின் வருகையை ஏழு நாளுக்கும் குறைவான அறிவிப்பில் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்கலாம் என்பது விதி. அந்த நேரத்துக்கு அவருக்கு வேறு வேலை கொடுக்க முடியாதபோதுதான் கேட்கலாம் என்பதும் விதிதான். இரண்டாவது பாதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பயணத்துக்கு உச்ச நிமிடத்தையும், "எங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அறிக்கை எழுத நேரம் சேர்க்கக் கூடாது" என்ற வாக்கியத்தையும் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்கள் முகம் சுளிப்பதில்லை.

மொழி தடையாக இருந்தால் பிளானில் உள்ள சேவைகளைப் பெறுவதற்கு மொழிபெயர்ப்பாளர் இலவசம். அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான டி.ஐ.எஸ்.ஸின் எண் 131 450, அதன் வழியாக என்.டி.ஐ.எஸ். எண்ணான 1800 800 110க்கு இணைக்கச் சொல்லலாம்.

5. வாராந்தரப் பதிவு

செயலிகள் நிறைய இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சமையலறை மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு, கணினியில் ஒரு கூகுள் ஷீட். நோட்டில் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று அம்மா தமிழில் எழுதுகிறார். "சனி, 9.20க்கு வந்தான், 12க்குக் கிளம்பினான், சாப்பிடவில்லை" என்று ஒரு வரி. மாதம் ஒரு முறை பிளான் மேனேஜரின் கணக்கோடு அந்த வரிகளை வைத்துப் பார்க்கிறேன். 9.00 என்று பில் வந்திருந்தால் அந்த இருபது நிமிடம் அங்கேயே தெரிந்துவிடும். செயலி எதுவும் இதைக் கண்டுபிடித்துத் தராது. தொலைபேசியில் பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.

6. அடுத்த பிளானுக்கான தயாரிப்பு

பிளான் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தெரபிஸ்டிடம் அறிக்கை கேளுங்கள். நோயின் பெயர் அல்ல, அன்றாடம் எதைச் செய்ய முடிகிறது, எதற்கு எவ்வளவு நேரம் யாருடைய கை தேவைப்படுகிறது என்பது அதில் இருக்க வேண்டும்.

மறுமதிப்பீட்டுப் பேச்சில் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்யும் ஒன்றைக் கவனியுங்கள். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால், "பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார் அம்மா. வெளியாள் முன்னால் சொந்தப் பிள்ளையைப் பாரம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அது அன்பிலிருந்து வரும் பதில். அதிகாரியின் தாளிலோ அது "குடும்ப உதவி போதிய அளவு உள்ளது" என்று பதிவாகும். பேச்சுக்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து, இரவில் எத்தனை முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறார், முதுகு எப்படி இருக்கிறது என்று அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் போதும், புகார் சொல்வதுபோல் அவருக்குத் தோன்றாது.

பிளானில் குறைத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் உள் மறுஆய்வு கேட்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். இடைவழியில் நிலைமை மாறியிருந்தால் அது தனி விண்ணப்பம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், மகன் பதினெட்டைத் தொட்டதும் என்.டி.ஐ.எஸ். தங்களோடு பேச மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பெற்றோருக்குக் குழந்தையின் பிரதிநிதி என்ற உரிமை பதினெட்டோடு முடிகிறது. அதன் பிறகு பிளான் அவருடையது. அவர் விரும்பினால் உங்களோடு தகவல் பகிரச் சம்மதம் தரலாம். அவர் சார்பில் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய நிலை என்றால் 'நாமினி'யாக உங்களை நியமிக்க வேண்டும். பதினேழு வயதிலேயே அவரிடம் இதைப் பேசி, படிவத்தை வாங்கி வையுங்கள். பிறந்தநாள் கழிந்த பிறகு தொடங்கினால், சம்மதமோ நியமனமோ கிடைக்கும் வரை இன்வாய்ஸ் பற்றிக் கேட்கக்கூட உங்களுக்கு வழி இருக்காது.