ஒரு ரசாயனம் தோலைப் புண்படுத்துமா: வளர்த்தெடுத்த தோலில் சோதிக்கும் முறை

முயலின் முதுகை மழித்து, ரசாயனத்தைத் தடவி, சிவக்கிறதா வீங்குகிறதா என்று மதிப்பெண் போடும் முறையை ஜான் டிரெய்ஸ் 1944-இல் வகுத்தார். பல பத்தாண்டுகள் அதுதான் வழக்கம். இன்று அதே கேள்விக்கு எந்த உயிரையும் வதைக்காமல் விடை காண முடிகிறது. மனிதத் தோல் செல்களை அடுக்கடுக்காக வளர்த்து, இறந்த செல்களாலான மேற்படலமும் அமைந்த சிறு வட்டத் திசுக்களில் சோதிக்கிறோம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2010-இல் ஏற்றுக்கொண்ட 439ஆம் வழிகாட்டி இந்தத் தோல் எரிச்சல் சோதனைக்கானது.

தட்டில் சாதாரணமாக வளரும் செல்கள் இதற்குப் போதாது. தோலைக் காப்பது அந்த இறந்த மேற்படலம்தான். படலம் இல்லாத செல்லின் மேல் ஊற்றினால், தோலுக்குள் நுழையவே முடியாத பொருள்கூடக் கொடியதாகத் தெரியும். தண்ணீரில் கரையாத பொருளையோ அங்கே சோதிக்கவே வழியில்லை.

எபிடெர்ம், எபிஸ்கின், ஸ்கின்எத்திக் என ஏற்கப்பட்ட மாதிரிகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் அளவும் நேரமும் வேறு. எபிஸ்கினில் 15 நிமிடம், ஸ்கின்எத்திக்கில் 42 நிமிடம், எபிடெர்மில் 60 நிமிடம். ஒன்றின் நேரத்தை இன்னொன்றுக்குப் போட்டால் முடிவு செல்லாது. கீழே உள்ளவை எபிடெர்முக்கான அளவுகள்.

திசுவைத் தொடுவதற்கு முன்

முதலில் பொருளின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பாருங்கள். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே இருந்தால் அந்தப் பொருள் தோலை அரித்துப் புண்ணாக்கும் என்றே கருத வேண்டும். எரிச்சல் சோதனைக்கு அது வர வேண்டியதில்லை. இப்படி அரித்துப் புண்ணாக்குவதைப் பார்க்கும் அரிப்புச் சோதனை தனி, அதற்கு 431ஆம் வழிகாட்டி.

அடுத்தது பலர் விட்டுவிடும் கட்டம். இந்தச் சோதனையில் உயிருள்ள செல்களை அளப்பது எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். ஆனால் சில ரசாயனங்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அப்படிப்பட்ட பொருளின் மிச்சம் திசுவில் தங்கினால், செத்த திசு உயிருள்ளதாகக் கணக்கில் வரும். தோலைச் சுடும் பொருளுக்கு 'பாதுகாப்பானது' என்று சீட்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். மில்லிலிட்டருக்கு 1 மி.கி. எம்டிடி உள்ள கரைசல் 1 மி.லி. எடுத்து, திரவமானால் 30 மைக்ரோலிட்டர், திடமானால் 25 மி.கி. சேருங்கள். 37 டிகிரி இன்குபேட்டரில் இருட்டில் 60 நிமிடம் வையுங்கள். நீலமோ ஊதாவோ தெரிந்தால், உறைய வைத்துக் கொன்ற திசுக்களிலும் அதே சோதனையை இணையாக நடத்த வேண்டும். அங்கே வரும் ஊதா முழுவதும் பொருளின் வேலை. அதைக் கடைசியில் கழிக்க வேண்டும். பொருளுக்கே நிறம் இருந்தால், உயிருள்ள திசுவில் பொருளைத் தடவி, எம்டிடி சேர்க்காமல் ஒரு தொகுதி ஓட்டி அந்த நிறத்தையும் கழியுங்கள்.

திசு வந்த நாள்

பெட்டியோடு வரும் தரச் சான்றைப் படிக்காமல் பிரிக்காதீர்கள். அதில் சோப்பு போலச் செல்லைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100-இன் 1 சதவீதக் கரைசல் எத்தனை மணி நேரத்தில் பாதி செல்களைக் கொல்கிறது என்று போட்டிருக்கும். 4.77 முதல் 8.72 மணிக்குள் இருந்தால் மேற்படலம் சரியாக அமைந்திருக்கிறது. அதைவிடச் சீக்கிரம் கொன்றால் படலம் பலவீனம். சாதுவான பொருளும் எரிச்சலூட்டுவதாகக் காட்டும்.

ஆறு குழி பிளேட்டில் குழிக்கு 0.9 மி.லி. மீடியம் (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) விட்டு, திசு இருக்கும் கிண்ணங்களை வையுங்கள். அடியில் காற்றுக்குமிழ் சிக்கினால் அந்த இடத்தில் திசுவுக்கு ஊட்டம் போகாது. கிண்ணத்தைச் சற்றுச் சாய்த்து இறக்கினால் குமிழ் வெளியேறிவிடும். ஒரு மணி நேரம் கழித்து மீடியத்தை மாற்றி, இரவு முழுக்க, சுமார் 18 மணி நேரம், 37 டிகிரியில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் விடுங்கள். பயண அலுப்பு திசுவுக்கும் உண்டு.

தடவுவதும் கழுவுவதும்

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று திசுக்கள். கூடவே ஒப்பீட்டுக்காக, நெகட்டிவ் கண்ட்ரோலுக்கு பிபிஎஸ் என்ற தீங்கற்ற உப்புக் கரைசல் தடவிய மூன்று, பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு எரிச்சலூட்டும் என்று தெரிந்த எஸ்டிஎஸ் சோப்பின் 5 சதவீதக் கரைசல் தடவிய மூன்று. திரவம் 30 மைக்ரோலிட்டரை நடுவில் விட்டு, மேலே நைலான் வலைத் துண்டை வைத்தால் சீராகப் பரவும். திடப்பொருளை நன்றாகப் பொடித்து 25 மி.கி. போடுங்கள்; அதற்கு முன் திசுவை 25 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ஸால் நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உலர்ந்த பொடி திசுவோடு ஒட்டாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு திசுவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். கழுவும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. அப்போதுதான் எல்லாத் திசுவுக்கும் சரியாக 60 நிமிடம் கிடைக்கும். அதில் 35 நிமிடம் இன்குபேட்டரில், மீதி அறை வெப்பத்தில்.

கழுவுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பிபிஎஸ்ஸைத் திசுவின் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். கிண்ணத்தின் உட்சுவரில் விட்டு அது சுழன்று வரும்படி செய்யுங்கள். பதினைந்து முறை நிரப்பிக் கொட்டி, பிறகு 150 மி.லி. பிபிஎஸ்ஸில் மூன்று முறை முழுதாக அமிழ்த்தி எடுங்கள். கிண்ணத்தை இடுக்கியால் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். திசு மங்கிய வெண்மையாக, ஈரக் காகிதம் போல, தட்டையாகக் கிடக்க வேண்டும். ஓரமாக ஒரு மெல்லிய மினுமினுப்போ பிசுக்கோ தெரிந்தால் பொருள் இன்னும் இருக்கிறது; அது அடுத்த இரண்டு நாளும் செல்களைத் தின்றுகொண்டே இருக்கும், 60 நிமிடம் என்பது பொய்யாகும். பிசுபிசுப்பான பொருளுக்குக் கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியை ஈரமாக்கி மெல்ல உருட்டி எடுங்கள். தேய்த்தால் மேற்படலம் கிழியும், அதுவும் பிழைதான்.

கழுவியதும் புது மீடியத்தில் 42 மணி நேரம் விட வேண்டும். நடுவில் 24ஆம் மணி வாக்கில் மீடியத்தை ஒரு முறை மாற்றுங்கள். உடனே அளந்துவிடக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. லேசாக அடிபட்ட செல் இந்த இடைவெளியில் தேறிவிடும். உள்ளே பலமாக அடிபட்டது மெல்லச் செத்துவிடும். எரிச்சலூட்டுவது எது, ஊட்டாதது எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

அளப்பது

24 குழி பிளேட்டில் குழிக்கு 300 மைக்ரோலிட்டர் எம்டிடி, மூன்று மணி நேரம். நெகட்டிவ் கண்ட்ரோல் திசு அடர்ந்த ஊதாவாக இருக்கும். சோதனைத் திசுவில் நடுவே வெளுத்து ஓரம் மட்டும் ஊதாவாக இருந்தால், பொருள் ஓரம் வரை பரவவில்லை என்று அர்த்தம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணில் இது தெரியாது. பிறகு 2 மி.லி. ஐசோபுரொப்பனாலில் இரண்டு மணி நேரம் குலுக்கி, திசுவை ஊசியால் குத்தி உள்ளிருக்கும் நிறத்தையும் இறக்கி, 570 நானோமீட்டர் ஒளியை அந்தக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று படியுங்கள். வெறும் ஐசோபுரொப்பனாலுக்கு வரும் அளவீட்டை எல்லாவற்றிலும் கழிக்க வேண்டும்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு: நெகட்டிவ் கண்ட்ரோல் 1.82, 1.76, 1.90, சராசரி 1.827. சோதனைத் திசு 0.61, 0.66, 0.55, சராசரி 0.607. நெகட்டிவ் கண்ட்ரோலை 100 என்று வைத்தால் உயிர்ப்பு 33.2 சதவீதம். கொன்ற திசுவில் 4 சதவீதம் வந்திருந்தால் அதைக் கழித்து 29.2.

50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் எரிச்சலூட்டும். அதற்கு மேல் போனால் வகைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் முதலில் கண்ட்ரோலைப் பாருங்கள். நெகட்டிவ் கண்ட்ரோலின் சராசரி அளவீடு 0.8-க்கும் 2.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். எஸ்டிஎஸ் தடவியதில் உயிர்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று திசுக்களின் உயிர்ப்பில் திட்ட விலக்கம் 18 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஓட்டம் முழுவதும் குப்பைக்குத்தான். எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. உயிர்ப்பு 45-க்கும் 55-க்கும் இடையில் நின்றாலோ, மூன்று திசுவும் மூன்று பக்கம் இழுத்தாலோ, இரண்டாம் ஓட்டம் போடுங்கள். அதுவும் முரண்பட்டால் மூன்றாவது.

குறைந்த எண் வந்ததும் 'எரிச்சலூட்டும்' என்று மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. தோலை அரிக்கும் பொருளும் இங்கே அதே குறைந்த எண்ணைத்தான் தரும்; அரிப்புச் சோதனை நடந்திராவிட்டால் இரண்டில் எது என்று இது சொல்லாது. வாயுக்களையும் ஏரோசால்களையும் இதில் சோதிக்க இயலாது. ஒவ்வாமை இன்னொரு வழியில் நடக்கும் விஷயம்: முதலில் பட்டபோது எதுவும் ஆகாமல், உடல் அதை நினைவில் வைத்து அடுத்த முறை சீறுவது. இந்தத் திசுவில் அதற்கான நோய் எதிர்ப்பு அமைப்பு இல்லை. அதனால் 90 சதவீதம் உயிர்ப்பு வந்த பொருளும் ஒருவருக்கு ஒவ்வாமையைத் தரலாம். அதற்கு 442 வரிசை வழிகாட்டிகளின்படி தனியாகச் சோதிக்க வேண்டும். இவை முடிவதற்குள் தன் முன்னங்கையில் ஒரு துளி விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மனிதத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் மருத்துவரின் மேற்பார்வையோடும், மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய பொருளுக்கு மட்டும்தான்.