பரமபதமும் பல்லாங்குழியும் வைத்துப் பிள்ளையைப் பேச வைப்பது எப்படி?

'இது என்ன? அது என்ன கலர்?' என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளை கூட, தன் காயைப் பாம்பு கடித்தால் சும்மா இருக்காது. ஆட்டத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், 'சொல்லு, சொல்லு' என்று யாரும் நச்சரிக்கவும் வேண்டாம். அதனால் எந்த வாக்கியம் வர வேண்டுமோ அதற்கேற்ற ஆட்டத்தை எடுங்கள்.

மூன்று, நான்கு வயதுக்குப் பரமபதம் போதும். ஏறு, இறங்கு, மேலே, கீழே எல்லாம் அதிலேயே இருக்கிறது. 100 கட்டம் அந்த வயதுக்கு ரொம்ப நீளம், மேலே இருப்பதை ஒரு தாளால் மூடி 30 கட்டத்தோடு முடித்துவிடுங்கள். கட்டம் தாண்டிக் குதித்தாலும் விட்டுவிடுங்கள், விதி அப்புறம் வரும்.

"பாம்பு கச்சிச்சு" என்று பிள்ளை சொன்னால், "கச்சிச்சு இல்ல, கடிச்சிச்சு, சொல்லு பாப்போம்" என்று ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். "ஆமா, பாம்பு கடிச்சிடுச்சு! கீழ வந்துட்ட" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டுங்கள். ஒற்றைச் சொல்லில் பேசும் பிள்ளைக்கு இரண்டு சொல்லில் பதில், இரண்டு சொல் பேசினால் மூன்று, அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம்.

இதைவிடக் கஷ்டமானது பெரியவர்கள் பேசாமல் இருப்பது. பிள்ளையின் முறை வரும்போது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைப் பாருங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். "தா" என்றாலும் சரி, "என் டர்ன்" என்றாலும் சரி, வெறுமனே கை நீட்டினாலும் சரி, உடனே கொடுத்துவிட வேண்டும், முழு வாக்கியம் வந்தால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஆட்டமே கசந்துவிடும். இதற்குள் பக்கத்தில் இருக்கும் பாட்டி, "கட்டையைக் குடுங்கன்னு கேளுடா கண்ணா" என்று முந்திக்கொள்வார். அவரையும் ஆட்டத்தில் சேர்த்துவிடுங்கள், கை வேலையாக இருக்கும்.

பல்லாங்குழியில் 14 குழி, ஆளுக்கு 7. காய் போடும்போது "இந்தக் குழியில ஒண்ணு, அடுத்த குழியில ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டால் ழகரம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு, அப்போது "பசு!" என்று யார் முதலில் கத்துவது என்று போட்டி வையுங்கள். நாலு வயதில் ழ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பல வீடுகளில் பெரியவர்களுக்கே 'குளி'தான் வருகிறது. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையில் புளியங்கொட்டை, சோழி எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம், அது விஷம்.

ஆறேழு வயதானால் தாயம், ஆடுபுலி. "நீ இங்க வந்தா நான் வெட்டிடுவேன்", "ஏன் புலியை அங்க நகர்த்துன?" என்று காரணமும் நிபந்தனையும் கலந்த நீள வாக்கியங்கள் வர ஆரம்பிக்கும். விடுமுறைக்கு வரும் தாத்தாவுக்கு ஆட்டம் தெரியாதது போல் நடிக்கச் சொல்லுங்கள். 3 புலி, 15 ஆடு, யார் எப்படி நகர வேண்டும் என்று பிள்ளை வரிசையாக விளக்கட்டும், நடுவில் குழம்பினால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்கட்டும்.

திக்கிப் பேசும் பிள்ளையிடம் "மெதுவா பேசு" என்று சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். நேரம் வைத்து விரட்டும் ஆட்டங்கள் அவர்களுக்கு வேண்டாம். போனில் ஆடும் லூடோவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதுவே உருட்டி, அதுவே எண்ணி, அதுவே நகர்த்தினால் பிள்ளை பேச என்ன மிச்சம்?

இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்களும் நின்றுவிட்டன, இதில் எது ஒன்று இருந்தாலும் ஆட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.