வோர்ட் தளதளவென்று கொதிக்க மாட்டேன் என்கிறதா?

பீர் காய்ச்ச, மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறவைக்கிற மாஷ் முடிந்து, அதை வடித்து, கிடைத்த இனிப்புச் சாறான வோர்ட் 25 லிட்டரை அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெர்மாமீட்டர் 98, 99 என்று காட்டுகிறது, ஆனால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வருவதோடு சரி, அதற்கு மேல் கொதி ஏற மாட்டேன் என்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுகிற பலரும் இதில் மாட்டியிருப்பார்கள். நான் நியூ ஜெர்சியில் சமையலறை மின் அடுப்பில் ஆரம்பித்தவன், முதல் நாலு முறையும் இதே கதைதான். உடனே பெரிய பர்னர் வாங்க ஓடாதீர்கள், பெரும்பாலும் இருக்கிற சூடு எங்கேயோ வீணாகிக்கொண்டிருக்கும்.

ரசம் நுரைகட்டி வந்ததும் இறக்கிவிடுவோம், வோர்ட்டுக்கு அது போதாது. வெளிர் மால்ட்டில், முக்கியமாக பில்ஸ்னர் மால்ட்டில், எஸ்.எம்.எம். (எஸ்-மெத்தில்மெத்தியோனின்) என்று ஒரு சேர்மம் இருக்கிறது, அது சூட்டில் உடைந்து டி.எம்.எஸ். (டைமெத்தில் சல்ஃபைடு) ஆகும், அந்த டி.எம்.எஸ். ஆவியோடு வெளியேறாவிட்டால் பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசம் தங்கிவிடும். 100 டிகிரியில் எஸ்.எம்.எம். பாதியாகக் குறையவே ஏறக்குறைய 40 நிமிடம் ஆகிறது, பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் கொதிக்கவிடச் சொல்வது இதனால்தான். புரதம் பால் திரிவது போலத் திரிந்து அடியில் படிவதற்கும் நல்ல கொதி வேண்டும். பீருக்குக் கசப்புத் தரப் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்பைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், கொதி கொஞ்சம் தணிந்திருந்தாலும் அது இறங்கிவிடும். அதற்காகப் பானைக்கு வெளியே தெறிக்கிற அளவு கொதிக்கவும் வேண்டியதில்லை, மேற்பரப்பு முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தால் போதும்.

புரள்கிறதா இல்லையா என்பதைக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு நீளமான மரக் கரண்டியை எடுத்து, பானையில் ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் தொடும் இடத்திலெல்லாம் கத்தியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். என் கரண்டியில் 26 கோடு இருக்கிறது, என்னிடம் உள்ள சாமான்களிலேயே அதிகம் உதவுவது அதுதான். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு எத்தனை கோடு இறங்குகிறது என்று பாருங்கள். 25 லிட்டரில் இரண்டு, மூன்று லிட்டர் போனால் பிரச்சினை இல்லை, ஒன்றரைக்குக் கீழே என்றால் கொதி பலவீனம்தான்.

மின்சாரத்தில் காய்ச்சுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியாக 0.63 யூனிட் வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 1440 வாட், துளிகூட வீணாகாவிட்டாலும் மணிக்கு 2.3 லிட்டர்தான் ஆவியாகும். பிரிட்டனில் 13 ஆம்பியர் பிளக்கிலேயே கிட்டத்தட்ட 3000 வாட் கிடைக்கிறது, அங்கே சுலபமாகக் கொதிப்பது இங்கே திணறுவதில் ஆச்சரியமில்லை. இதில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டு வேறு போட்டால் கேட்கவே வேண்டாம், வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூடு 19 சதவீதம் குறைந்துவிடும். கார்டு கையில் சுடுகிறது என்றால் அதை உடனே கழற்றுங்கள், அது கொதி விஷயம் மட்டுமல்ல, தீப்பிடிக்கிற விஷயம்.

சுருள் மின் அடுப்பில் இன்னொரு சிக்கல். 2018-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த சுருள் அடுப்புகளில் பானையின் அடியைத் தொடும் ஒரு சென்சார் இருக்கிறது, சூடு மீறினால் அது மின்சாரத்தை நிறுத்தும். என் பானையைக் கவிழ்த்து அடியில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், நடுவில் ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி. பானை சரியாகப் படியாததால் சென்சார் சுருளின் சூட்டையே வாங்கிக்கொண்டு அடுப்பை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறது. அடி தட்டையான கனமான பானைக்கு மாறியதும் அதே அடுப்பு ஒழுங்காகக் கொதித்தது. அடியிலேயே ஹீட்டர் உள்ள பீர் காய்ச்சும் மெஷின் என்றால், தட்டில் மாவு படிந்து கருகியிருக்கிறதா என்று பாருங்கள், அது படிந்தால் பாதுகாப்பு ஸ்விட்ச் அடிக்கடி விழும்.

கேஸ் பர்னர் என்றால் முதலில் சிலிண்டரைத் திறந்த விதத்தைப் பாருங்கள். வால்வைச் சட்டென்று திறந்தால் சில ரெகுலேட்டர்கள் கசிவு என்று நினைத்துக்கொண்டு கேஸைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, கழற்றி மாட்டி, பர்னர் மூடியிருக்கும்போதே வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். குளிர்காலத்தில், அதுவும் சிலிண்டர் முக்கால்வாசி தீர்ந்த நிலையில், வெளியே பனி பூத்து அழுத்தம் விழும், நிறைந்த சிலிண்டருக்கு மாறுங்கள், சிலிண்டரைச் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சுடர் மஞ்சளாக எரிந்து பானையில் கரி பிடித்தால் காற்று வழியைத் திறந்துவிடுங்கள், மாதக்கணக்கில் சும்மா கிடந்த பர்னர் குழாயில் சிலந்தி வலை கட்டியிருக்கும், அதையும் பாருங்கள். காற்றுக்குத் தடுப்பு வைக்கலாம், ஆனால் கராஜுக்குள் கொண்டுபோய்க் கொளுத்தாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

சரி, இன்றைக்கே வோர்ட் அடுப்பில் நிற்கிறது, என்ன செய்வது? மூடியை முக்கால்வாசி மூடி, ஒரு பக்கம் ஆவி போக வழி விடுங்கள், முழுக்க மூடினால் டி.எம்.எஸ். திரும்ப உள்ளேயே சொட்டும், பொங்கியும் வழியும். மின் மெஷின் என்றால் சுற்றி இன்சுலேஷன் ஃபாயில் சுற்றலாம், கேஸில் கூடாது. அப்புறமும் கொதிக்கவில்லை என்றால் இரண்டு பானையில் பிரித்து இரண்டு அடுப்பில் ஏற்றிவிடுங்கள். நேரத்தைக் கூட்டினாலும் சரிதான், ஒப்படர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.040-இல் உள்ள 25 லிட்டர் 20 லிட்டராகச் சுண்டும்போது 1.050 வரும், அதற்குத் தகுந்தபடி ஹாப்ஸ் போடுவதைத் தள்ளிப்போடுங்கள். அடுப்பை அணைத்து, குளிரவைக்கும் சுருளை இறக்கிய பிறகும் 80 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் திறந்தே வையுங்கள், அந்தச் சூட்டிலும் டி.எம்.எஸ். உருவாகிக்கொண்டுதான் இருக்கும்.