ஒற்றைச் செல் முடிவெடுப்பதைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

பதினொரு ஆண்டுகளாகப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். 'எந்த உறுப்பால் முடிவெடுக்கிறோம்?' என்று கேட்டால் வகுப்பில் எல்லாக் கைகளும் நெற்றியைத் தொடும். பதிலை நான் சொல்வதில்லை. மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சை வளரும் தட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, மறுநாள் வந்து பார்க்கச் சொல்வேன். அந்தத் தட்டை நீங்களும் தயார்செய்யலாம்.

ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்பது அதன் பெயர். சளிப்பூஞ்சை என்று அழைத்தாலும் அது பூஞ்சை இனம் அல்ல, அமீபாக்களுக்கு நெருங்கிய உறவு. உள்ளங்கை அகலத்துக்குப் பரந்து கிடந்தாலும் அது ஒரே செல்தான். உள்ளே ஏராளமான உட்கருக்கள் உண்டு, அவற்றைப் பிரிக்கும் சுவர் கிடையாது. நரம்பு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

உலர்ந்து உறங்கும் நிலையில், வடிதாளில் ஒட்டிய ஆரஞ்சுப் பொருக்காக இது கிடைக்கும். ஆய்வகப் பொருள் விற்பவர்களிடமோ பல்கலைக்கழக உயிரியல் துறையிலோ கேளுங்கள். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் பொடி 1.5 கிராமைக் கொதிக்கவைத்து, பெட்ரி தட்டுகள் எனப்படும் மூடியுள்ள ஆழமற்ற வட்டத் தட்டுகளில் ஊற்றி உறையவிடுங்கள். வேறெந்தச் சத்தும் சேர்க்க வேண்டாம். நகம் அளவு வடிதாளை வெட்டி, பொருக்குள்ள பக்கம் அகரைத் தொடும்படி வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, பக்கத்தில் ஒரே ஒரு ஓட்ஸ் இதழை வையுங்கள். மூடி, இருட்டில், 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஓரிரு நாளில் மஞ்சள் விரல்கள் நீளத் தொடங்கும். வெளிச்சம் இதற்கு ஆகாது.

முதல் முறை ஆசை மிகுதியில் ஐந்து ஓட்ஸ் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் பச்சைப் பூசணம். அப்படி நேர்ந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பூசணத்தைவிட சளிப்பூஞ்சை வேகமாக நகரும். அதன் முன்விளிம்பை அகரோடு சேர்த்து வெட்டிப் புதிய தட்டுக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும்.

பரிசோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது நுண்ணோக்கியில் அதைப் பாருங்கள். 40 மடங்கு உருப்பெருக்கம் போதும். தடித்த குழாய் ஒன்றில் குவியத்தை நிறுத்துங்கள். மணல் போன்ற துகள்கள் ஒரே திசையில் விரைந்து ஓடும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஓட்டம் தளரும், நிற்கும், பிறகு அதே துகள்கள் வந்த வழியே திரும்பி ஓடும். முதன்முதலில் இதைப் பார்த்த மாலை, விளக்கை அணைக்க மனம் வராமல் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நம் தசையைச் சுருக்கும் ஆக்டின், மயோசின் புரதங்களின் உறவுகள்தான் அந்தக் குழாயின் சுவரையும் சுருக்குகின்றன. உணவின் வேதிப்பொருள் பட்ட இடத்தில் துடிப்பு விரைவாகும், கசப்போ வெளிச்சமோ பட்ட இடத்தில் மந்தமாகும். அதனால் செல்லின் கூழ் உணவுப் பக்கம் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கிறது, தடித்த குழாயில் ஓட்டம் இன்னும் மிகுகிறது, ஓட்டம் குறைந்தது மெலிந்து மறைகிறது. தராசின் முள் சாய்வதைப் போல, முடிவு அந்த ஓட்டத்திலேயே நடக்கிறது.

இனி பரிசோதனை. ஒரு நாள் பட்டினி போட்ட சளிப்பூஞ்சைத் துண்டு ஒன்றை, ஒரு சென்டிமீட்டர் அளவில் வெட்டித் தட்டின் நடுவில் வையுங்கள். இருபுறமும் மூன்று சென்டிமீட்டர் தொலைவில், ஒரு பக்கம் ஒரு ஓட்ஸ், மறுபக்கம் நான்கு. எந்தப் பக்கம் எது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். பத்துத் தட்டுகளாவது வேண்டும். ஒரே தட்டை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

எதைக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் 'முதலில் எதைத் தொட்டது?' என்றுதான் குறிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த உயிர் இரு பக்கமும் விரல் நீட்டித் தேடும். தேடுவது முடிவாகாது. ஒரு கிளையிலிருந்து கூழைத் திரும்ப இழுத்துக்கொள்கிறதே, அந்த நேரத்தைக் குறியுங்கள். மணிக்கு ஒரு படம் எடுத்தால் அது தப்பாது.

ஜப்பானில் தோஷியுகி நகாகாகி குழுவினர் 2000-ல் கண்டதும் இந்தப் பின்வாங்கலைத்தான். புதிர்ப்பாதை முழுதும் நிரம்பியிருந்த சளிப்பூஞ்சை, இரு முனைகளிலும் உணவு வைத்ததும் முட்டுச்சந்துகளைக் கைவிட்டு, உணவை இணைக்கும் குறுகிய வழியில் மட்டும் தடித்த குழாயாக எஞ்சியது. 2010-ல் டோக்கியோ சுற்றுவட்டார நகரங்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தபோது, அது அமைத்த வலை அங்குள்ள ரயில் பாதைகளோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இரண்டாவது சோதனை நினைவைப் பற்றியது. இந்த உயிர் போன இடத்தில் கண்ணாடி போன்ற சளித்தடம் தங்கும். தடம் படிந்த அகர் பட்டை ஒன்றையும் புதிய பட்டை ஒன்றையும் வெட்டி, துண்டின் இருபுறமும் ஒட்டிவைத்து, இரு முனைகளிலும் சம அளவு ஓட்ஸ் வையுங்கள். பழைய தடத்தை அது பெரும்பாலும் தவிர்க்கும். 'இங்கே ஏற்கெனவே தேடியாயிற்று' என்ற குறிப்பைத் தன் உடலுக்கு வெளியே எழுதிவைத்திருக்கிறது! தட்டு முழுவதும் முன்பே சளி பூசி, தன் தடத்தை அது அடையாளம் காண முடியாமல் செய்தால், பொறிபோன்ற தடுப்பிலிருந்து வெளிவரத் திணறுகிறது என்று 2012-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழகிக்கொள்வதும் அதற்குத் தெரியும்: குவினைன் என்ற கசப்புப் பொருள் கலந்த அகர் பாலத்தைக் கடக்க முதலில் தயங்கும், தீங்கில்லை என்று சில நாள் கண்டபின் இயல்பாகக் கடக்கும். பிரான்சில் ஓத்ரே டுசுட்டூர் குழுவினர் 2016-ல் கண்டது அது.

குறிப்பேட்டில் 'அதற்குப் பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள். 'இடது கிளை 11 மணிக்குச் சுருங்கியது' என்று எழுதுங்கள். அது உணர்கிறதா என்று ஒரு மாணவி கேட்டாள். அது வேறு கேள்வி, அதற்கு இந்தத் தட்டில் விடை கிடைக்காது. ஆனால் பல வழிகள், அவற்றைப் பற்றிய தகவல், பசியைப் பொறுத்து மாறும் ஒரே செயல் ஆகிய மூன்றும் இருக்கும்போது அதை முடிவு என்று அழைக்க நான் தயங்குவதில்லை.

வேலை முடிந்ததும் ஈர வடிதாள்மேல் அதை ஊரவிட்டு, மூடியைச் சிறிது திறந்து, இருட்டிலேயே மெல்ல மெல்லக் காயவிடுங்கள். ஆரஞ்சுப் பொருக்கான பிறகு காகித உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். பதினான்கு மாதம் அலமாரியில் கிடந்த உறை ஒன்றைப் போன வாரம் பிரித்து, ஒரு சொட்டு நீர் விட்டேன். மறுநாள் காலை தாளின் ஓரத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு மஞ்சள் விளிம்பு தெரிந்தது.