நிரந்தர ஐஎஸ்டிஎன் லைன்: ரவுட்டர் வாங்கும் முன்

ஐஎஸ்டிஎன் என்பது தொலைபேசிக் கம்பியில் டிஜிட்டலாகத் தரவு அனுப்பும் பழைய சேவை; பல நாடுகளில் இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு ரவுட்டர் தேடுவதற்கு முன் லைன் தருபவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இது டயல் செய்து துண்டிக்காமல் வைத்திருக்கும் இணைப்பா, டயலே இல்லாத லீஸ்டு லைனா (உங்களுக்கென்றே வாடகைக்கு ஒதுக்கிய லைன்)? இரண்டையும் 'நிரந்தர இணைப்பு' என்றே சொல்வார்கள். லீஸ்டு லைனுக்கு டயல் எண், ஸ்விட்ச் வகை (எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியின் வகை) எதுவும் வேண்டாம்; ஆனால் ரவுட்டரில் அதற்கான முறை இருந்தாக வேண்டும். டயல் மட்டுமே தெரிந்த ரவுட்டர் எக்ஸ்சேஞ்சின் பதிலுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். வேகத்தையும் கேளுங்கள். தரவு செல்லும் பி சேனல் ஒன்றுக்கு 64 கிலோபிட் என்பதால் 64, 128 கிலோபிட் வழக்கம். அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் டி சேனலின் 16 கிலோபிட்டையும் சேர்த்து 144 தரும் ஐடிஎஸ்எல் வகையை எல்லா ரவுட்டரும் ஏற்காது.

அடுத்து, சுவரில் என்ன வருகிறது? எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது 2 கம்பி, அது யூ முனை. என்டி1 பெட்டி அதை 4 கம்பி எஸ்/டி முனையாக மாற்றுகிறது. வட அமெரிக்காவில் என்டி1 வாடிக்கையாளர் பொறுப்பு. ஐரோப்பாவில் லைன் தரும் நிறுவனமே மாட்டிவிடும். என்டி1 இருந்தால் எஸ்/டி போர்ட் உள்ள ரவுட்டர், இல்லையென்றால் யூ போர்ட் உள்ளது. மாற்றி வாங்கினால் லைன் எழவே எழாது. எஸ்/டி ஜாக்கும் ஈதர்நெட் ஜாக்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முன்னதில் 3, 4, 5, 6 பின்கள், பின்னதில் 1, 2, 3, 6. கேபிளில் சீட்டு ஒட்டுவது அற்ப வேலைதான், ஆனால் பாதி நாளை மிச்சப்படுத்தும். எஸ்/டி கம்பியில் 8 கருவிகள் வரை மாட்டலாம்; இரு முனைகளிலும் 100 ஓம் டெர்மினேஷன் (கம்பியின் முடிவில் போடும் மின்தடை) இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் லைன் வேலை செய்வதுபோல் காட்டி, அவ்வப்போது அறுந்துவிழும்.

கணினியின் சீரியல் போர்ட்டில் மாட்டி அதை ஐஎஸ்டிஎன்னோடு இணைக்கும் டெர்மினல் அடாப்டர் மலிவு என்று பலர் அதில்தான் விழுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சீரியல் போர்ட்டின் உச்சம் வினாடிக்கு 115,200 பிட். ஒவ்வொரு 8 பிட்டுக்கும் தொடக்க பிட், முடிவு பிட் சேர்ந்து 10 ஆகிவிடுவதால் உண்மையில் கடப்பது சுமார் 92 கிலோபிட். இரண்டு பி சேனலுக்கும் காசு கொடுத்துவிட்டு, 128-இல் கால்பங்குக்கு மேல் வாசலிலேயே விட்டுவிடுகிறீர்கள். 230,400 ஓடும் போர்ட் இருந்தால் சிக்கல் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஈதர்நெட் ரவுட்டர்தான்.

டயல் வகையானால் மல்டிலிங்க் பிபிபி (பல சேனல்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இரு முனையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பி சேனலோடு நின்றுவிடும். தரவைச் சுருக்கும் முறையும் அப்படித்தான்: எதிர்முனையில் அதே முறை இல்லையென்றால் பயனில்லை. ஸ்விட்ச் வகையை (யூரோ ஐஎஸ்டிஎன், என்ஐ1, 5இஎஸ்எஸ், டிஎம்எஸ்100) எழுத்தில் வாங்குங்கள். வட அமெரிக்காவில் பெரும்பாலும் ஸ்பிட் எண்களும் (உங்கள் கருவியை எக்ஸ்சேஞ்சுக்கு அடையாளம் காட்டும் எண்கள்) வேண்டும். நிமிடக் கட்டணமா? அப்படியானால் லைனைத் தூண்டும் பாக்கெட்டுகளை வடிகட்டும் வசதி ரவுட்டரில் அவசியம். பழைய விண்டோஸ் கணினிகளின் பெயர்த் தேடலே இரவு முழுக்க லைனைத் திறந்து வைக்கும்.

என்டி1-க்குத் தனி மின்சாரம் தேவைப்பட்டால் அதையும் ரவுட்டரோடு ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சோதிக்கும்போது முதலில் லேயர் 1 (கம்பி இணைப்பு), டயல் வகையில் அடுத்து லேயர் 2 (எக்ஸ்சேஞ்சோடு ஏற்படும் தொடர்பு), கடைசியில்தான் பாஸ்வேர்டு சரிபார்க்கும் பிபிபி. லேயர் 1 எழாதபோது பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண்.