வியாபாரத்தில் கெட்டி, வாய்தான் பிரச்சினை

ஜவுளிக்கடையில் நன்றாக விற்கிற சீனியர் ஒருவர், புதுப் பையன்களை வாடிக்கையாளர் முன்னாலேயே மட்டம் தட்டுகிறாரா? "கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்கண்ணே" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன சொன்னார், யார் இருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அப்புறம், கல்லா பக்கத்தில் வேண்டாம், கடை திறக்கும் முன் தனியாக உட்காருங்கள். "செவ்வாய்க்கிழமை அந்தப் பையனை, புடவை மடிக்கக்கூடத் தெரியாதான்னு கஸ்டமர் முன்னாடி கேட்டீங்க. இனி அது கூடாதுண்ணே." அந்த ஒன்றை மட்டும் பேசுங்கள். அவர் தரப்பையும் கேளுங்கள்; சில நேரம் நாம் பாக்கி வைத்த கமிஷன்தான் எரிச்சலுக்குக் காரணமாக இருக்கும். இரண்டு வாரம் பாருங்கள். மாறவில்லையா, எழுத்தில் மெமோ கொடுத்துவிடுங்கள். விற்பனை போய்விடுமே என்று கை தயங்கும். ஆனால் பையன்கள் வேலையை விட்டு நின்றுவிட்டால் தீபாவளிக் கூட்டத்தை அவர் ஒருவரே சமாளிக்க முடியாது.